நான்காவது இடம்

ஐயா, வாக்குமூலம் எழுத நீங்கள் கொடுத்த காகிதத்தில் கோடு போட்டிருப்பது நல்லதாயிற்று. கோடு இல்லாவிட்டால் என் எழுத்து மேடேறிவிடும். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவன் நான். அதுவரை இந்தத் தொலைபேசிக் கம்பெனிக்குக் கேபிள் பள்ளம் தோண்டினேன். இடுப்பு விட்டுப்போனதும் உள்ளே கூப்பிட்டுத் திரை முன்னால் உட்கார வைத்தார்கள்.

"அண்ணே, கடப்பாரை பிடிச்ச கை. கீபோர்டு பாவம், மெதுவா" என்று இன்ஜினியர் தம்பி சிரிப்பார். அவர்தான் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். பேச்சைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். எங்கள் பாதையில் நூற்றிருபது பேச்சு தெளிவாகப் போகும். இன்னொன்றை உள்ளே விட்டால் பொட்டலங்கள் சிதறி எல்லார் பேச்சும் திக்கும். ஆகவே அது வாசலோடு திரும்பிவிட வேண்டும். நான்கு இடம் மட்டும் ஆம்புலன்ஸுக்கென்று எப்போதும் ஒதுக்கியிருக்கும்.

என் மனைவி இறந்த அன்று, அவள் உயிர் பிரியுமுன் வெளியூரிலிருந்து மகள் அவளுக்குப் பதினோரு தடவை போன் போட்டாள். பாதை நிரம்பியிருந்தது. விதிப்படி பதினொன்றும் திரும்பின. திரை முன்னால் இருந்தது நான்தான். மறுநாள் வந்த மகள் அழவில்லை.

"ஊருக்கே லைன் குடுக்கறீங்க. அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேச எனக்கு இடமில்ல, இல்லப்பா?"

ஊர் திரும்பிய மகள் பிறகு என்னோடு பேசவில்லை.

அந்த வாரமே ஆம்புலன்ஸின் நான்காவது இடத்தில் அவள் நம்பரைப் போட்டு வைத்தேன். யார் துணையும் இல்லாமல் நான் அடித்த முதல் நம்பர் அது. இனி எப்போது கூப்பிட்டாலும் அவளுக்கு இடம் இருக்கும். பெற்றவன் செய்வதுதானே. மூன்று வருடம் அதனால் யாருக்கும் குறை வரவில்லை.

போன செவ்வாய் காலை, சாலை தோண்டிய இயந்திரம் பெரிய கேபிளை அறுத்துவிட்டது. மிஞ்சிய சின்னப் பாதையில் எல்லாப் பேச்சும் முண்டியடித்தது. ஆம்புலன்ஸ் இடம் மூன்றும் நிரம்பின. நான்காவது சும்மா இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட ஒரு நம்பர் வந்து முட்டித் திரும்பியது. மறுபடி முட்டியது.

அறுந்த இடத்திலிருந்து இன்ஜினியர் தம்பி வயர்லெஸில் கேட்டார். "அண்ணே, ஆம்புலன்ஸ் நாலும் ஓடுதா?"

"ஓடுது தம்பி" என்றேன்.

ஒரு பட்டனைத் தட்டினால் போதும், நான்காவது இடம் அந்த நம்பருக்குத் திறந்துவிடும். தட்டவில்லை. கேபிள் அறுந்த செய்தி பரவியிருக்கும், அப்பாவுக்கு என்னவோ என்று அவள் அந்த நிமிடமே கூப்பிடலாம் அல்லவா? வாசலில் நின்ற அந்த நம்பர் ஒன்பது தடவை முட்டியது. எண்ணினேன். பத்தாவது வரவில்லை.

மூச்சு முட்டியது ஆறு வயதுக் குழந்தைக்கு என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். கூப்பிட்டவர் அதன் அப்பா. வெளியே பெஞ்சில் இருக்கிறார், பார்த்தேன். போனைக் கையிலிருந்து இன்னும் விடவில்லை.

என் மகளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்றீர்கள். சிரமப்படாதீர்கள் ஐயா. அந்த நம்பரை அடித்தால், அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்வாள். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் எனக்கும் அவள்தான் சொல்கிறாள்.