ஆர்வோ சாரெலா வீட்டு நீச்சல் குளம்

பெயர் வெர்னா காங்கஸ். வயது 59. கணவர் பெயர் காலஞ்சென்ற டேல் காங்கஸ். முகவரி 418, மில் சாலை, ஹார்லன் பே, மேல் தீபகற்பம், மிச்சிகன். லாத்தினென் எரிவாயு நிறுவனத்தில் லாரி அனுப்பும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை, இம்மாதம் 22ஆம் தேதி முதல் பணியிடை நீக்கம். 2019 ஜனவரி 24, வியாழக்கிழமை காலை 9.40 மணிக்கு ஷெரிப் அலுவலகத்தில் துப்பறிவாளர் நீல் ஓஸ்ட்ரம் கேட்க, நான் சொன்னதாவது:

நிறுவனம் என்மீது கொடுத்துள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஆர்வோ சாரெலா என்ற 81 வயது வாடிக்கையாளரின் வீட்டில் நீச்சல் குளம் இருப்பதாகக் கணினியில் நான் பொய்யாகப் பதிந்தேன் என்றும், அந்தக் குழப்பத்தில் எரிவாயு போய்ச் சேராமல் அவர் குளிரில் இறந்தார் என்றும் அதில் உள்ளது. நீச்சல் குளத்தைப் பதிந்தது நான்தான், மறுக்கவில்லை. ஏன் பதிந்தேன் என்று சொல்லவே வந்தேன். சாரெலாவின் நிலையில் இன்னும் நாற்பத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. வருகிற செவ்வாய் முதல் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி என்று வானொலியில் சொல்கிறார்கள். அந்த வீடுகளைப் பற்றியும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அது இந்த வழக்கில் வராது என்று துப்பறிவாளர் சொன்னார். வரும், எழுதுங்கள் என்றேன்.

எங்கள் வேலை இவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் எரிவாயுத் தொட்டி இருக்கும். அந்த வீடு எவ்வளவு எரிக்கிறது, வெளியே எவ்வளவு குளிர் என்று கணக்குப் பார்த்துத் தொட்டி காலியாகும் முன் லாரியை அனுப்ப வேண்டும், வாடிக்கையாளர் கேட்கத் தேவையில்லை. கணக்கில் வராதது விறகு. எங்கள் பக்கத்தில் பலர் குளிர்காலத்தில் பாதியை விறகு அடுப்பை வைத்தே ஓட்டுகிறார்கள். மரம் பிளக்கத் தெம்பு இருக்கும்வரை எரிவாயு அதிகம் செலவாகாது. முதுகு போனால், கை ஒடிந்தால் விறகு நின்றுவிடும், எரிவாயு மூன்று மடங்கு ஓடும். அப்படிப்பட்ட நாற்பத்துமூன்று வீடுகள் எவை, யாரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று பழைய கணினியில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அந்தக் கணினி பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் இருபது குளிர்காலத்தில் அது ஒரு வீட்டையும் குளிரில் விட்டதில்லை.

2017 ஏப்ரலில் முதலாளியின் மருமகன் கார்ட்னர் வெய்ல் சிகாகோவிலிருந்து செயல்பாட்டுத் தலைவராக வந்தார். வயது முப்பத்துநான்கு. தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தவரில்லை, மெல்லிய தோல் காலணியோடு எங்கள் பனியில் வழுக்கிக்கொண்டே நடப்பவர். வந்த மாதமே புதிய மென்பொருள் தேர்வு செய்ய வேண்டும் என்றார். அதன் பிறகு ஏழு பேர் கொண்ட தேர்வுக் குழு அமைத்து, லாரி ஓட்டுநர்கள் சார்பில் டுவேன் பெல்கியையும் லாரி அனுப்பும் பிரிவுக்கு என்னையும் அதில் சேர்த்தார். அதன் பிறகு டெட்ராய்ட்டிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். அந்த மேதை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 114 தேவைகள் கொண்ட பட்டியலைக் கொண்டுவந்து வைத்தார். முன்பு ஏதோ மருத்துவமனைக்குச் செய்த பட்டியல் அது. 61ஆவது தேவை, நோயாளியின் ரத்தப் பிரிவைப் பதியும் வசதி. எரிவாயுத் தொட்டிக்கு ரத்தப் பிரிவு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதற்கும் மதிப்பெண் போட்டோம்.

அதன் பிறகு ஒவ்வொரு தேவைக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று எடை வகுத்தார்கள். மேலாளர்கள் பார்க்கும் வண்ண வண்ண வரைபடங்களுக்கு முப்பது. கைபேசியில் அழகாகத் தெரிவதற்குப் பன்னிரண்டு. லாரி அனுப்புகிறவருக்குத் தோதாக இருப்பதற்கு மூன்று. பெயருக்குக் கீழே குறிப்பு எழுதும் இடத்துக்கு எடையே கிடையாது, இருந்தால் நல்லது என்ற வரிசையில் தூக்கிப் போட்டார்கள். நான் ஆட்சேபித்தேன். அதற்கு வெய்ல், "வெர்னா, நீங்க சொல்றது புரியுது. ஆனா ஒருத்தர் தலைக்குள்ள இருக்கறத நம்பி கம்பெனி நடத்த முடியாது" என்றார். தலைக்குள் இருப்பதை எழுதி வைக்கத்தான் இடம் கேட்கிறேன் என்றேன். அவர் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அக்டோபரில் மூன்று நிறுவனங்கள் வந்து தங்கள் மென்பொருளை ஓட்டிக் காட்டின. வெய்லுக்குப் பிடித்ததைக் கொண்டுவந்த விற்பனையாளர் திரையில் காட்டிய வீடுகள் எல்லாம் பனியே பார்க்காத ஊரின் வீடுகள், வாசலில் பனை மரம் நின்றது. வாடிக்கையாளர் விறகும் எரித்தால் இது என்ன செய்யும் என்று கேட்டேன். மிக நல்ல கேள்வி என்று சொல்லி, பலகையின் மூலையில் 'பிறகு பார்க்க வேண்டியவை' என்ற தலைப்பில் அதை எழுதி வைத்தார். மாலையில் கூட்டுகிறவர் வந்து பலகையைத் துடைத்தார். அந்தக் கேள்விக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

இறுதி மதிப்பெண் கூட்டத்துக்கு வெய்ல் குறித்த நாள் நவம்பர் 14. எங்கள் ஊரில் பிறந்த எவனும் அந்த நாளில் கூட்டம் வைக்க மாட்டான். மறுநாள் மான் வேட்டை தொடங்குகிறது. பள்ளிக்கூடமே மூடியிருக்கும். எல்லோருடைய வண்டியிலும் துப்பாக்கியும் பீர் பெட்டியும் ஏற்றியாகிவிட்டது, இருட்டும் முன் காட்டுக் குடிலுக்குப் போய்ச் சேர வேண்டும். வெய்லுக்கு அதெல்லாம் தெரியாது. ஐந்துக்கு மூன்றுக்குக் கீழே மதிப்பெண் போடுகிறவர் ஒவ்வொரு குறைந்த மதிப்பெண்ணுக்கும் ஒரு பக்க விளக்கம் எழுதித் தந்துவிட்டுத்தான் போகலாம் என்று ஒரு விதியை வேறு படித்தார். பெல்கி என் காதருகே குனிந்து, "அஞ்சு போடும்மா, கிளம்பலாம். இவனுக்கு யாரு கட்டுரை எழுதறது" என்றான். ஒரு மணிக்குத் தொடங்கிய கூட்டம் 1.50க்கு முடிந்தது. வெய்லுக்குப் பிடித்த மென்பொருளுக்கு ஏழு தாளிலும் மேலிருந்து கீழ்வரை ஐந்து. ரத்தப் பிரிவுக்கும் ஐந்து.

என் தாளிலும் ஐந்துதான். என் தம்பி வாசலில் வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தான், பின் இருக்கையில் நான் சுட்ட, இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டிகள் இருபது ஆறிக்கொண்டிருந்தன. குறிப்பு எழுதும் வசதி அந்த மென்பொருளில் இல்லவே இல்லை என்று தெரிந்தும் அதற்கு ஐந்து போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. வெய்லைப் பற்றி நான் என்ன சொன்னாலும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்வளவு ஒருமனதான தேர்வைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று அவர் முதலாளிக்கு எழுதினார்.

2018 செப்டம்பரில் புதிய மென்பொருள் ஓடத் தொடங்கியது. பழைய குறிப்புகளைக் கொண்டுவர இடமில்லை என்றார்கள். பழைய கணினியை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதற்கு முன் நாற்பத்துமூன்று வீடுகளின் விவரத்தையும் ஒரு நீல நோட்டில் எழுதி என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

டிசம்பர் 3ஆம் தேதி சாரெலாவின் மகள் ஜாய்ஸ் கிரீன் பேயிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அப்பா படியில் விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது, இனி விறகு பிளக்க மாட்டார், எரிவாயு சீக்கிரம் தீரும் என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அதன் பிறகு புதிய மென்பொருளில் அவருடைய செலவு அளவைக் கூட்டப் போனேன். காரணம் கேட்டது. நாமாக எழுத முடியாது, அது வைத்திருக்கும் காரணங்களில் ஒன்றைத்தான் தொட வேண்டும். புதிய சூடாக்கி, வீட்டை விரிவாக்கியது, நீச்சல் குளம் என மூன்றே மூன்று இருந்தன. விறகு இல்லை, எலும்பு முறிவு இல்லை, முதுமை இல்லை. அளவை மூன்று மடங்கு கூட்ட விடுவது நீச்சல் குளம் ஒன்றுதான். அதைத் தொட்டேன். பெல்கி அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆர்வோ வீட்டுல நீச்சல் குளமா? அந்த ஆளு குளிச்சே மாசம் ஒண்ணு இருக்கும்" என்றான். இருவரும் சிரித்தோம்.

அந்த விண்ணப்பம் வெய்லின் ஒப்புதலுக்குப் போனது. டிசம்பர் 12ஆம் தேதி நிராகரித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய அறைக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். உண்மையான காரணத்தோடு மறுபடி விண்ணப்பியுங்கள் என்றார். உண்மையான காரணம் அந்தப் பட்டியலில் இல்லையே என்றேன். பட்டியலில் சேர்க்க வேண்டுமானால் மென்பொருளில் மாற்றங்களை முடிவு செய்யும் குழுவுக்கு எழுதலாம், அது மார்ச்சில் கூடும் என்றார். மார்ச்சில் பனி உருகத் தொடங்கிவிடும் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு பெல்கியைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். டிசம்பர் 22 அன்று அவன் பார்த்தபோது தொட்டியில் முப்பது சதவீதம் இருந்தது. புதிய மென்பொருள் தரும் ஆணை எண் இல்லாமல் லாரியின் குழாய் இப்போது திறக்காது, அதனால் நிரப்பாமல் திரும்பினான். ஜனவரி 14ஆம் தேதி வீட்டை விரிவாக்கியதாக மறுபடி விண்ணப்பித்தேன். அப்போது வெய்ல் ஊரில் இல்லை. புளோரிடாவில் ஒரு மாநாட்டில், நிறுவனத்துக்கு ஏற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசப் போயிருந்தார். நாங்கள் போட்ட ஐந்துகளை அங்கே பெரிய திரையில் காட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவருக்கு மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். திங்கட்கிழமை பேசலாம் என்று குறுஞ்செய்தி வந்தது.

அன்று மாலை சாரெலாவையே அழைத்தேன். வெளியே போய்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள்ளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பொண்ணே. வெள்ளிக்கிழமையும் அதுவுமா நீ வீட்டுக்குப் போ" என்றார். தோள் முறிந்த மனிதர் முட்டியளவு பனியில் போய்ப் பார்த்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒரு கார் இருக்கிறது, அவர் வீடு பதினாறு மைல்தான். நான் போகவில்லை, என் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரர் அவரைச் சமையலறையில் கண்டார். இதை எந்த மென்பொருள் தலையிலும் கட்ட முடியாது. மூன்று நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

22ஆம் தேதி காலை அலுவலகக் கதவைத் திறக்கும் என் அட்டை வேலை செய்யவில்லை. வெய்லும் நிறுவன வழக்கறிஞரும் வாசலுக்கே வந்து ஒரு தாளை நீட்டினார்கள். ஜாய்ஸின் அழைப்பை நான் எங்கும் பதியாமல் விட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஓய்வூதியத்துக்குக் குறைவில்லை என்றார்கள். மறுத்தேன். நீல நோட்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள், அந்த வீடுகளுக்கு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டேன். இழுப்பறை முத்திரையிடப்பட்டுவிட்டது, அது சாட்சியம் என்றார் வழக்கறிஞர். வெய்ல், "சிஸ்டத்துல அந்த வீடு எல்லாமே பச்சையாத்தான் காட்டுது வெர்னா" என்றார். சாரெலா வீடும் பச்சையாகத்தான் காட்டியது.

நோட்டு இல்லாமல் எனக்கு நினைவிருப்பவை இருபத்தொன்பது வீடுகள். ஹெல்மி ராவ்ட்டியோ, ஆல்டர் சாலை, காது கேட்காது, தொலைபேசியில் அழைத்துப் பயனில்லை. கிளைட், பெர்ல் ட்ரெவாரோ தம்பதி, பழைய சுரங்கப் பாதையின் கடைசி வீடு, விறகு பிளப்பது கிளைட், அவருக்கு அக்டோபரில் இதய அறுவை நடந்தது. டெலோர் பௌஷே, ஏரிக்கரை, கேட்டால் எல்லாம் இருக்கிறது என்பார், நம்ப வேண்டாம், முள்ளைப் பாருங்கள். மீதி இருபத்தாறு பெயர்களையும் துப்பறிவாளர் தனித்தாளில் எழுதிக்கொண்டார். மற்ற பதின்மூன்று வீடுகள் நோட்டில்தான் இருக்கின்றன, அதை இன்றே கைப்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

இவ்வளவும் நான் என் வாயால் சொன்னது. எழுதியதைத் துப்பறிவாளர் ஓஸ்ட்ரம் எனக்குப் படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. பெயர்த் தாள் இந்த அறையை விட்டு வெளியே போன பிறகே கையொப்பமிடுவேன் என்று சொன்னேன். 11.05க்கு இரண்டு ஷெரிப் வண்டிகள் புறப்படுவதை ஜன்னல் வழியே பார்த்தேன். 11.32க்கு ஆல்டர் சாலையிலிருந்து வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்: ஹெல்மி ராவ்ட்டியோவின் தொட்டியில் மூன்று சதவீதம், வண்டியை ஜன்னல் வழியே பார்த்து அவரே வந்து கதவைத் திறந்தார். அதன் பிறகு கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) வெர்னா காங்கஸ்