பொயிலைக்கு அடித்த மருந்து

1992 நவம்பர் மாதக் குறிப்பிலிருந்து: வின்டர்தூரிலிருந்து பேர்ன் செல்லும் ரயிலில் என் எதிரே இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் இருந்தனர். இளையவருக்கு அன்று அகதி விண்ணப்பத்தின் இரண்டாவது விசாரணை.

“அண்ணை, முதல் விசாரணையிலை என்னை டொக்டர் எண்டு நினைச்சிட்டினம்.”

“உன்னையோ? கண்ணாடியிலை முகம் பார்த்தனியோ?”

“பகிடியை விடுங்கோ. ஊரிலை என்ன வேலை எண்டு கேட்டவை. பொயிலைக்கு மருந்தடிச்சனான் எண்டன். மொழிபெயர்த்தவ மெட்ராஸ். ‘பொய் இல்லைன்னு ஏன் சொல்றீங்க? யாரும் பொய்னு சொல்லலையே’ எண்டு கேட்டவ.”

“புகையிலை, பூச்சிமருந்து எண்டு விளங்கச் சொல்லியிருக்கலாமே?”

“அதுக்குள்ளை அடுத்த கேள்வி. மருந்து குடுத்து என்ன நடந்தது எண்டவை. நான் புழுவை நினைச்சு, எல்லாம் செத்துப்போச்சுது எண்டன்.”

“ஐயோ! எழுதினவையோ?”

“ஓம். கையெழுத்தும் வைச்சிட்டன். இண்டைக்கு மாத்திச் சொன்னால் பொய்யன் எண்டு திருப்பி அனுப்புவினம். மாத்தாட்டிக் கொலைகாரன்.”

மூத்தவர் சற்று யோசித்தார். “புழுவுக்கு இவையின்ரை டொச் பாஷையிலை என்ன சொல்லு?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. நெளிஞ்சு காட்டு.”

பேர்னில் இறங்கும்போது இளையவர் சுட்டுவிரலை வளைத்து வளைத்துப் பழகிக்கொண்டிருந்தார். அவருக்கு அனுமதி கிடைத்ததா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.