நாலு விரல் தள்ளி

மோருக்கு இஞ்சியைத் துருவிப் போடக் கூடாது, தட்டித்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. குடித்துப் பாருங்கள் அனுசியாம்மா. தென்காசியிலிருந்து இந்த வெயிலில் கீழப்பாவூர் வரை ஸ்கூட்டியில் வந்திருக்கிறீர்கள். விவசாய ஆபீசர் என்றாலும் தாகம் தாகம்தானே. ஏசுவடியான் வயலில் மக்காச்சோளம் ஏன் முளைக்கவில்லை, விதையா குறை, மண்ணா குறை என்று கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. சொல்கிறேன். நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவ்வளவு சந்தோஷம். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

என் பெயர் சிவசுப்பிரமணியன். வயது அறுபத்தாறு. மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருடம். விடிந்ததும் நரசிம்மர் சந்நிதியில் ஒரு கும்பிடு, அப்புறம் யாருக்காவது ஒரு சின்ன உபகாரம். அது செய்யாமல் எனக்குச் சோறு இறங்காது. சைதூன் பீவியின் கோழிகளைக் கீரி கொண்டுபோனபோது புதுக் கூடு அடித்துக் கொடுத்தது நான். செல்லப்பா கிணற்றுப் படியில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டபோது மூன்று மாதம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியதும் நான். தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

ஏசுவடியானும் அவன் பெண்டாட்டி பெர்சிஸும் என் பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்து ஆறு வருடமாகிறது. மண்வெட்டிக்கு, தண்ணீருக்கு, காய்ச்சல் மாத்திரைக்கு என்று என் வாசலுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். "அண்ணாச்சி" என்று பெர்சிஸ் கூப்பிட்டால் போதும். ஐந்தருவியில் தலையைக் கொடுத்தால் சிரிப்பு தானாக வருமே, எனக்கு அப்படி இருக்கும்.

போன புரட்டாசியில் ஏசுவடியான் எங்கோ பயிற்சிக்குப் போய் வரி உழவு கற்றுக்கொண்டு வந்தான். நிலம் முழுவதையும் உழாமல், விதை போகும் வரியை மட்டும் ஒரு சாண் அகலம் கிளறுவது. நடுவில் பழைய தட்டையும் சருகும் அப்படியே கிடக்கும், ஈரம் போகாது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் கருவியில் இரண்டு குழாய். ஒன்றில் விதை இறங்கும், மற்றதில் உரம். விதைக்கு நாலு விரல் தள்ளி, இன்னும் ஆழத்தில் உரம் விழ வேண்டும். யூரியா பிறகு, பயிர் முழங்கால் உயரம் வந்தபின்.

"இந்த வருசம் உழவுக்கூலி மிச்சம், தண்ணியும் மிச்சம் அண்ணாச்சி. இனிம எதுக்கும் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம் பாத்துக்கிடுங்க," என்றான்.

"ஆமா, அண்ணாச்சிக்கு எங்ககிட்ட இருந்து விடுதல," என்று பெர்சிஸ் சிரித்தாள். "இனிம நிம்மதியா டிவி பாருங்க."

எனக்கு டிவி பிடிக்காது.

ஐப்பசியில் விதைத்தார்கள். டிராக்டர் வந்து சேரவே மதியம் ஆகிவிட்டது. ஓட்டத் தொடங்குமுன் நான் புளியோதரையும் வடையும் கொண்டுபோனேன். "நீங்க உக்காந்து சாப்பிடுங்க. உரப்பெட்டிய நான் நெரப்புதேன்," என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி செரமம்?"

"ஏலே, வட ஆறுதுலே. தின்னு."

அவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஸ்பானர் என் மடியில் இருந்தது. ஒரே ஒரு போல்ட்தான். உரக்குழாயைத் தளர்த்தி, விதைக்குழாயோடு ஒட்டி முடுக்கினேன். பெட்டியில் உரத்தோடு யூரியாவை நிறையக் கலந்தேன். என் வீட்டு யூரியா. அவர்களுடையதில் ஒரு பிடி தொடவில்லை. திருட்டு என் வழக்கத்தில் கிடையாது. மறுநாள், கருவியை நானே கழுவித் தருகிறேன் என்று வாங்கி, குழாயைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டேன். அதனால்தான் நீங்கள் வந்து குழாய் இடைவெளியை அளந்தபோது சரியாக இருந்தது.

விதையோடு யூரியா ஒட்டிக் கிடந்து, ஈரம் கொஞ்சமும் வெயில் அதிகமுமாக இருந்தால் முளை வெந்துபோகும். நல்ல மழை ஒன்று விழுந்தால் கரைந்து பிழைத்துக்கொள்ளும். அதனால் கோவிலுக்குப் போய், ஐந்து நாள் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். ஐப்பசியில் யார் அப்படிக் கேட்பார்கள்? சாமி ஏழு நாள் கொடுத்தார். ஊரே வானத்தைப் பார்த்துத் திட்டியது. நான் மட்டும் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன்.

அப்புறம் வந்த நாட்கள் எப்படிப்பட்டவை தெரியுமா? அரிசி கொண்டுபோய்ப் போட்டேன். பெர்சிஸோடு சேர்ந்து அழுதேன், மெய்யாகவே அழுதேன். வயல்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றப்போவதாகச் சொன்னபோது, தை முடியட்டும் என்று அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டவன் நான். ஏசுவடியான் புனலூருக்கு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனபோது பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் செங்கோட்டைப் பக்கம் திரும்பும்வரை அவன் என்னையே பார்த்துக் கையை ஆட்டினான். பெண்டாட்டியைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

ஒரு தப்பு நடந்துவிட்டது. கிணற்று மூலையில் டிராக்டர் திரும்பாது. அங்கே ஒரே ஒரு வரியை பெர்சிஸ் கையாலேயே போட்டிருக்கிறாள், நாலு விரலை மண்ணில் வைத்து வைத்து அளந்து. அது மட்டும் ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது. அதைப் பார்த்துத்தானே உங்களுக்குச் சந்தேகம் வந்தது.

நேற்று அந்த வரியில் முதல் கதிர்களை ஒடித்து, அவித்து, உப்புப் போட்டு இங்கே கொண்டுவந்தாள்.

"மொதக் கருது உங்களுக்குத்தான் அண்ணாச்சி."

"எனக்கு எதுக்கும்மா? நீ சாப்பிடு."

"எங்களோட அழுதது நீங்க ஒருத்தருதான. இன்னைக்காவது வாங்கிக்கிடுங்க. எப்பவும் நீங்களே குடுத்துக்கிட்டு இருந்தா எப்படி?"

அவள் வீட்டில் அரிசிப் பானை காலி என்பது எனக்குத் தெரியும், அதை நிரப்பப் போகிறவனே நான்தானே. இருந்தும் கொடுத்தாள். வாங்கிக்கொள்ள என் கைக்குத் தெரியவில்லை. கதிர் இரண்டுமுறை நழுவியது. அவள் சிரித்துக்கொண்டே எடுத்துத் துடைத்துத் தந்தாள். நல்ல இனிப்பு அனுசியாம்மா. இத்தனை வருடத்தில் நான் எதையும் கெடுக்காமல் என்னிடம் வந்த ஒரே பொருள் அது.

எழுதிக்கொள்ளுங்கள். உரத்தை மாற்றியது நான். சைதூன் பீவியின் கூட்டுக் கதவைத் திறந்துவைத்தது நான். செல்லப்பாவின் படியில் எண்ணெய் தடவியது நான். வேறு இரண்டு மூன்று உண்டு, யோசித்துச் சொல்கிறேன். மோரை நீங்கள் இன்னும் தொடவே இல்லையே.

பெர்சிஸிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவ்வளவு நல்ல மனசை வைத்துக்கொண்டு, மன்னிப்பதற்கு அவளுக்கு ஒரு ஆள் வேண்டாமா? அதையும் நானே கொடுத்ததாக இருக்கட்டும்.