நான்காவது கதவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், அந்த டோனட் பெட்டியை உங்களுக்காக வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் வாங்குவதுதான். மாநிலத் தலைநகரிலிருந்து தணிக்கைக்கு வந்தவரை இனிப்பால் மடக்கப் பார்த்தேன் என்று குறிப்பில் எழுதிவிடாதீர்கள். என் மேல் எழுத வேறு நிறைய இருக்கிறது.

என் பெயர் கிளைட் பென்னிங்டன். ஓஹையோ ஆற்றங்கரையின் இந்த மூன்று மாவட்டங்களுக்கான பணியாளர் மேம்பாட்டு வாரியத்தில் பத்தொன்பது வருடமாக இயக்குநர். வேலை போனவருக்குப் பயிற்சி கொடுத்து மறுபடி வேலையில் உட்கார வைப்பது எங்கள் தொழில். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. 'கிளைட் ஏதோ படிவம் நிரப்புவார்' என்பாள். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. வெர்னன் டாக்கெட்டின் கோப்பில் இறந்த தேதி செப்டம்பர் பதினெட்டு என்று இருக்கிறது. அதே கோப்பில் ஒட்டியிருக்கும் பத்திரிகை அறிவிப்பில் பிப்ரவரி ஒன்பது. ஏன்?

விதிகள் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்கு உறைக்கும். எங்களிடம் வருபவர் தொண்ணூறு நாள் எந்த உதவியும் பெறாவிட்டால் 'வெளியேறியவர்'. அதன் பிறகு அவர் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கிறீர்கள். இருந்தால் எங்களுக்கு நல்ல பெயர், இல்லாவிட்டால் கெட்ட பெயர். கணக்கிலேயே சேராமல் வெளியேற நான்கு கதவுகள் உண்டு. சிறை, நீண்ட நோய், ராணுவ அழைப்பு, மரணம். முதல் மூன்றுக்கும் யாராவது காகிதம் கொடுக்க வேண்டும். நான்காவதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு வரிக் குறிப்பு போதும் என்று விட்டிருந்தோம். செத்தவர் வீட்டில் போய்ச் சான்றிதழ் கேட்பது அநாகரிகம் என்று அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான். இரக்க குணம் எனக்கு அப்போதே உண்டு.

இரண்டு வருடம் தொடர்ந்து இலக்கைத் தவறவிட்டிருந்தோம். மூன்றாவது வருடமும் தவறினால் வாரியத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாக அமைப்பார்கள். அலுவலகத்தில் பதினோரு பேர். செப்டம்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர் பட்டியலில் இல்லாமல் இருந்தால் தப்பித்துவிடுவோம்.

வெர்னன், ஊரில் கண்ணாடித் தொழிற்சாலை மூடியபோது எங்களிடம் வந்தவன். பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ஒரே கால்பந்து அணி. ஐம்பத்தாறு வயது, கெட்டுப்போன முழங்கால், ஏணி ஏறக் கூடாது என்று மருத்துவர் எழுதிய சீட்டு. அந்தச் சீட்டைக் கோப்பில் வைத்தது நான். தரையில் நின்று செய்யும் வேலையாகப் பார்த்து, கொதிகலன் பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பியதும் நான். நன்றாகத் தேறினான். வேலைதான் கிடைக்கவில்லை. மாதங்கள் ஓடின. 'இவன் கோபித்துக்கொள்ள மாட்டான்' என்று தோன்றியதால் அவனைத் தேர்ந்தெடுத்தேன். நண்பர்கள் இருப்பதே அதற்குத்தானே. 'சகோதரி தொலைபேசியில் தெரிவித்தார்' என்று ஒரு வரி எழுதி நான்காவது கதவைத் திறந்தேன். அறிக்கை போனதும் திருத்திவிடலாம் என்பது திட்டம்.

அக்டோபர் கடைசியில் அவன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். மாவட்ட மருத்துவமனையில் கொதிகலன் அறைக்கு அவனை எடுத்துக்கொள்ளத் தயார். முதல் ஆறு மாதச் சம்பளத்தில் பாதியை வாரியம் ஏற்கும் என்ற எங்கள் கடிதம் மட்டும் வேண்டும், திங்கட்கிழமைக்குள். வரவேற்பு மேசையில் டோரீன் அவன் பெயரைத் தட்டினாள்.

"வெர்ன், நீங்க செத்துப்போயிட்டதா கம்ப்யூட்டர் சொல்லுது."

"என் பழைய பொண்டாட்டிகிட்ட சொல்லித் தொலைக்காத. கேக் வெட்டுவா."

"நெஜமாத்தான் வெர்ன். செப்டம்பர்லயே போயிட்டீங்களாம்."

"அதான் ஒரு மாசமா ஒருத்தனும் போன் எடுக்கலையா?" என்றவன் என்னைப் பார்த்துவிட்டான். "டேய் கிளைட், இந்த ஊர்ல செத்தவன்கூட ஓட்டுப் போடுறான். வேலை மட்டும் பாக்கக் கூடாதா?"

"எழுத்துப்பிழைடா. சரிபண்ணிடறேன்."

"திங்கக்கெழமைக்குள்ள உயிர் வந்துரும்ல?"

"வந்துரும்."

மரணத்தை மாற்றும் அதிகாரம் உங்கள் அலுவலகத்துக்குத்தான். காரணம் எழுதி, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். எழுதினேன். அந்தக் கடிதம் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இன்னும் இருக்கிறது. எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. அறிக்கை அனுப்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது, அதற்குள் அவனுக்கு உயிர் வந்தால் பெயர் மறுபடி பட்டியலில் ஏறிவிடும், அதனால் கடிதத்தை அனுப்பவில்லை. மருத்துவமனை திங்கட்கிழமை அழைத்துக் கேட்டபோது, அவருக்குத் தகுதி இல்லை என்றேன். அவர்கள் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். வெர்னனிடம் மருத்துவமனை மனம் மாறிவிட்டதாகச் சொன்னேன். "கூப்ட்டுக் கேக்கட்டுமா?" என்றான். தொந்தரவு செய்தால் அடுத்த முறை எடுக்க மாட்டார்கள் என்று சொல்லித் தடுத்தேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

நவம்பரில் வாரியக் கூட்டம். தலைவர் லைல் அபெர்நாத்தி, இறுதிச்சடங்கு நிலையம் நடத்துகிறவர். சட்டப்படி வாரியத்தில் பாதிக்கு மேல் தொழில் நடத்துகிறவர்கள் இருக்க வேண்டும், எங்கள் ஊரில் நிற்காமல் நடக்கும் தொழில் அது. எண்களை வாசித்தேன். "யாருக்காவது கேள்வி?" என்றார் லைல். பத்தொன்பது பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஒருவர் மட்டும் கை தூக்கி, பூசணி கேக் மீதி இருக்கிறதா என்று கேட்டார். அந்த எண்ணுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அப்படித்தான் இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாநிலத்திலிருந்து பாராட்டுப் பலகை வந்தது. அதன் பிறகு திருத்துவது பலகைக்கு மரியாதையாக இருக்காது என்று பட்டது. வெர்னன் வாரம் ஒரு முறை அழைப்பான். "என்னடா, உயிர் வந்துச்சா?" "வந்துட்டே இருக்குடா." இருவரும் சிரிப்போம். ஜனவரியில் சொன்னான், கூரை வேய்கிறவன் ஒருவனோடு தினக்கூலிக்குப் போவதாக. "முழங்கால்?" என்றேன். "செத்தவனுக்கு வலிக்குமாடா?" என்றான். நானும் சிரித்தேன் மேடம். அந்தச் சிரிப்பை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி ஒன்பது. கூரையில் பனி உறைந்திருந்தது. ஏணியின் மேல்படியில் முழங்கால் மடங்கியது. மதியம் அவன் அக்கா வாண்டா அலுவலகத்துக்கு அழைத்தாள். சகோதரி தொலைபேசியில் தெரிவித்தார். செப்டம்பரில் நான் எழுதிய வாக்கியம், எழுத்து மாறாமல்.

பழைய அணியில் மிச்சமிருந்த ஆறு பேர் பெட்டியைத் தூக்கினோம். லைல்தான் எல்லாம் செய்தார், நேர்த்தியாக. வாண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்காக நீ எவ்வளவு அலைஞ்ச கிளைட்" என்றாள். கையை எடுக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. மறுநாள் பத்திரிகை அறிவிப்பைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டினேன். இத்தனை வருட வழக்கத்தை மீறி முதன்முதலாக ஒரு மரணத்துக்குச் சான்று வைத்தது அப்போதுதான்.

ஆக, வேலை தேடிக்கொண்டிருந்த ஒருவனை உயிரோடு கொன்றேன், அதை மறைக்க அவனுக்குக் கிடைத்த வேலையையும் கெடுத்தேன், ஏறக் கூடாது என்று எனக்கு எழுத்திலேயே தெரிந்திருந்த ஏணியில் அவனை ஏற்றினேன். இதில் வாரியத்துக்கோ டோரீனுக்கோ பங்கில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தேதியை மட்டும் திருத்திக்கொள்ள அனுமதித்தால் நல்லது. மற்றபடி அந்தக் கோப்பில் இப்போது குறை எதுவும் இல்லை. அவன் உயிரோடு இருந்தவரைக்கும்தான், மேடம், அதில் தப்பு இருந்தது.