எட்டாம் வாய்ப்பாடு

தை 11, காலை 7.40, நல்ல பனி. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஓர் அப்பாவும் கல்யாண வயதுப் பெண்ணும்.

“பையன் தங்கமானவன்தாம்மா, உனக்கும் புடிச்சிருக்கு. ஆனா எட்டாம் தேதி பொறந்திருக்கானே! எட்டைப் பெருக்கப் பெருக்க கம்மியாவும். பதினாறைக் கூட்டினா ஏழு, இருபத்திநாலு ஆறு...”

“பாதியில நிறுத்தாதப்பா. மேல போ.”

அவர் விரல் மடக்கி எண்ணினார். நானும் மடக்கினேன்.

“அம்பத்தாறு ரெண்டு, அறுபத்திநாலு ஒண்ணு. பாத்தியா?”

“அடுத்தது?”

“எழுபத்திரண்டு...” விரல் நின்றது. “ஒன்பது!”

“கம்மியாச்சா, ஜாஸ்தியாச்சா?”

அவர் சிரித்துவிட்டார். “சரி, அவங்க வீட்டுக்குப் போன் போடு. வெள்ளிக்கிழமை தட்டு மாத்திக்கலாம்.”

இந்தக் கணக்கில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். திரும்பி வர ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.