மருமகளை அனுப்பச் சொல்லும் தீர்மானம்

மணியை அடித்து அடித்துக் கை ஓய்ந்தும் மனம் ஓயாமல் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் ஜான் பாஷா சாயபு அவர்களே! ஆம்பூர்த் தோல் கிடங்குகளில் ஆவாரம்பட்டையோடு ஆயுளையும் சேர்த்து ஊறவைத்த பெரியோர்களே! சுண்ணாம்பு தின்ற விரல்களோடு பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வேலை முடிந்த கையோடு வண்டியேறி வந்திருக்கும் ஜோலார்பேட்டை ரயில்வே தோழர்களே! இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்து எங்கள் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்த தம்பி அருணகிரி அவர்களே! எழுந்து போகலாமா, இன்னும் கொஞ்சம் வேடிக்கை பார்க்கலாமா என்று யோசிக்கும் பின்வரிசை நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் கோதண்டராமனின் கனிந்த வணக்கம்.

நான் தோலைத் தரம் பிரிக்கிறவன். சந்தேகப்படுவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். முன்பக்கம் பளபளவென்று இருந்தால் போதும், உடனே பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். வீட்டிலே என் மனைவி அன்னம்மாள், "கொழம்புல உப்பு சரியா இருக்குது" என்று சொன்னாலும், ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் சோற்றில் ஊற்றிக்கொள்வேன். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. சிரிக்கிறீர்கள்! உங்கள் வீட்டிலே நடக்காததா?

அப்படிப்பட்ட சந்தேகக்காரன் சொல்கிறேன், இந்தத் தீர்மானத்தின் மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

தீர்மானம் என்ன சொல்கிறது? முதலாளியின் மேஸ்திரி சுப்பராயனின் மகள் அமிர்தவள்ளியைக் கட்டியிருக்கிற நம்முடைய தோழர் வேலு, அவளைத் தாய்வீட்டோடு நிறுத்திவிட்டால் காரியக் கமிட்டியில் இருக்கலாமாம். அழைத்துக்கொண்டு வந்தால் கமிட்டியை விட்டு விலகிவிட வேண்டுமாம். அடேயப்பா! சம்பளத்துக்குத் தீர்மானம் போட்டோம், சரி. சுண்ணாம்புக் குழிக்குக் கூரை கேட்டுத் தீர்மானம் போட்டோம், அதுவும் சரி. இப்போது ஒருவன் வீட்டு அடுப்பங்கரையில் யார் நிற்கலாம் என்பதற்கும் கை தூக்கச் சொல்கிறார்கள்.

இருங்கள், அருணகிரி, கோபப்படாதீர்கள். உங்கள் கோபம் நியாயமான கோபம். நடந்தது என்ன என்று ஜோலார்பேட்டைத் தோழர்களுக்கும் தெரியட்டும், சொல்லிவிடுகிறேன்.

போன ஆடி மாதம் நாம் வேலைநிறுத்தம் செய்தோம். எப்படிச் செய்யத் திட்டமிட்டோம்? சுண்ணாம்புக் குழி நிறையத் தோல் கிடக்கும்போது திங்கட்கிழமை காலையிலே வெளியே வந்துவிடுவது. குழியிலே கிடக்கும் தோலைக் காலத்தில் எடுக்காவிட்டால் கஞ்சியாய்க் கரைந்துபோகும். முதலாளி ஓடோடி வந்து பேசுவார். கமிட்டிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தோம். ஆனால் என்ன ஆனது? ஞாயிற்றுக்கிழமையே மேஸ்திரி சுப்பராயன் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து குழி அத்தனையையும் காலி செய்துவிட்டார். திங்கட்கிழமை நாம் கொடி பிடித்து நின்றோம். யாருக்கு நஷ்டம்? காலிக் குழிக்கு என்ன நஷ்டம்? கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். அருணகிரிக்கு மட்டும் கதவு திறக்கவே இல்லை. இன்றைக்கு அவர் வேலூர் வரைக்கும் அலைந்து அலைந்து கூலி தேடுகிறார்.

யார் சொன்னது? யார் காட்டிக்கொடுத்தது? இதைத்தான் ஊர் முழுக்கக் கேட்டோம். பதில் நம் மடியிலேயே வந்து விழுந்தது. வைகாசியில் வேலுவுக்கும் மேஸ்திரி மகளுக்கும் கல்யாணம். அந்தப் பந்தலில் நாம்தானே இலை போட்டுச் சாப்பிட்டோம்? பாயசம் இரண்டாம் தரம் கேட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம். சுப்பராயன் தட்டு வரிசையோடு வெள்ளிக்கிழமை வந்தார். மகளை அழைத்துக்கொண்டு பாலாற்றுக்கு அக்கரை போனார். வெள்ளிக்கிழமை மகள் போனாள், ஞாயிற்றுக்கிழமை குழி காலி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றீர்கள். நானும்தான் அப்படி நினைத்தேன். "மேஸ்திரி ரத்தம், எங்க போகும்?" என்று நம்மில் ஒருவர் சொன்னபோது, நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆடி போய்விட்டது. ஆவணியும் பாதி போய்விட்டது. அழைக்க ஆள் போகவில்லை. அக்கரையிலே அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு நீங்கள் கை தூக்கினால், உட்கார்ந்த இடத்திலேயே அவள் வாழ்க்கை முடிந்துபோகும். தாய்மார்களே, வாழாவெட்டி என்ற சொல்லை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என்ன? அவள் எனக்கு என்ன உறவு என்று கேட்கிறீர்களா? ஒரு உறவும் கிடையாது ஐயா! எனக்கு உறவு சந்தேகம் ஒன்றுதான்.

அந்தச் சந்தேகம் என்னை முதலில் வேலுவின் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. வேலுவின் தாயார் ராஜம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏம்மா, திங்கக்கிழமை சமாச்சாரம் உங்க மருமகளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவளுக்கு எங்க தெரியும்? வந்த நாளா அவ காதுல எதுவும் படக்கூடாதுன்னு கொல்லைப் பக்கம் போய்த்தான் பேசுவோம். மேஸ்திரி பொண்ணாச்சே!"

சொல்லிவிட்டு அந்த அம்மாளே திகைத்துப் போனார்கள். தெரியாததை ஒருத்தி எப்படிச் சொல்லியிருப்பாள்? கேளுங்கள் தாய்மார்களே! கல்யாணமாகி வந்த பெண் கால் வைத்த அன்றைக்கே அந்த வீட்டில் குரல் தாழ்ந்துவிட்டது. அவள் அடுப்பங்கரைக்கு வந்தால் கூடத்தில் பேச்சு நிற்கும். கூடத்துக்கு வந்தால் கொல்லையில் பேச்சு நிற்கும். சந்தேகம் முந்திக்கொண்டது, குற்றம் பிற்பாடுதான் வந்தது.

சரி, தாய்வீட்டிலாவது குரல் உயர்ந்ததா? பாலாற்று மணலில் இறங்கி அக்கரைக்கு நடந்தேன். மேஸ்திரியின் மனைவி கண்ணம்மாள் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னா அண்ணே, உளவு பாக்க வந்தீங்களா?" என்றார்கள். ஆமாம் என்றேன். ஒளிப்பானேன்? அந்த அம்மாள் சொன்னதைக் கேளுங்கள். "எம் பொண்ணு முன்னாடி இப்பல்லாம் எதுவும் பேசறதில்ல. அவ இனிமே அந்த வீட்டுப் பொண்ணு. ராத்திரி அவங்க அப்பா வேலை விஷயம் எதாச்சும் ஆரம்பிச்சாருன்னா, நான்தான் கண்ணைக் காட்டி நிறுத்துவேன்."

கேட்டீர்களா கதையை! இக்கரையில் இவள் மேஸ்திரி மகள். அக்கரையில் இவள் வேலுவின் மனைவி. இங்கேயும் வாய் மூடுகிறார்கள், அங்கேயும் வாய் மூடுகிறார்கள். பெற்றவர்களுக்கும் வேண்டாதவள், புகுந்தவர்களுக்கும் வேண்டாதவள் என்றால், பின்னே யாருக்குத்தான் வேண்டியவள் ஐயா அவள்? மூன்று முடிச்சுப் போட்டு நாம் அவளுக்குக் கொடுத்தது இதுதானா?

சுப்பராயன் வெளியே வந்தார். "யார் சொன்னாங்க மேஸ்திரி?" என்று கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "எனக்குச் சொல்றதுக்கு எம் பொண்ணு எதுக்குப்பா? உங்க ஆளுங்களோட பெருமையே போதுமே!" அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். நான் மேஸ்திரியை நம்பவில்லை. மகளைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமே? எந்தத் தகப்பன் சொல்லமாட்டான்?

அப்புறம் அந்தப் பெண்ணையே கேட்டேன். முறத்திலே அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான் சொன்னேன்னு வெச்சுக்குங்க அண்ணே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடனைப் பிடித்தால் முதலில் "நான் இல்லை" என்பான். இவள் "நானே" என்கிறாள். இதிலே ஏதோ இருக்கிறது என்று என் புத்தி சொன்னது. "ஏம்மா உம் மேல இழுத்துப் போட்டுக்கிற?" என்று மெல்லக் கேட்டேன்.

"நான்னா என்னோட போய்டும் அண்ணே. வேற யாராச்சும்னு வெளிய வந்தா, அந்த வீட்ல அப்புறம் ஒருத்தரும் தலை நிமிர்ந்து சங்கத்துக்கு வர முடியாது. அவரையும் சேர்த்துத்தான் துப்புவாங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். கேட்டது என்னோட இருக்கட்டும். நீங்களும் கேக்காதீங்க."

என் கண் கலங்கிவிட்டது. ஆமாம், சந்தேகக்காரனுக்கும் கண் கலங்கும்! எந்த வீடு அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தியதோ, அந்த வீட்டின் மானத்தைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, இரண்டு ஊரின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

பெயரைச் சொல், பெயரைச் சொல் என்று கத்துகிறீர்கள். சொல்லமாட்டேன். அவள் அடக்கிக்கொண்டதை நான் அவிழ்த்துவிட்டால், நான் மனுஷனே இல்லை. எனக்கு யார் மேல் சந்தேகம் என்பது என்னோடு கட்டையேறட்டும். நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: செய்யாத ஒன்றுக்காக ஒரு பெண்ணை...

யார் அது, நடுவிலே எழுந்திருப்பது? வேலுவின் தகப்பனார், வேதாசலம் அண்ணனா? உட்காருங்கள் அண்ணே. உட்காரமாட்டீர்களா? சரி, தலைவர் அனுமதித்தால் பேசுங்கள். பின்னால் இருப்பவர்கள் சத்தம் போடாதீர்கள்! அவருக்குக் குரல் எழும்பவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் உரக்கச் சொல்கிறேன், கேளுங்கள்.

"நான்தாம்பா. ஆடிக்குப் பொண்ணை அழைக்க சம்பந்தி தலையில பட்டு உருமாலை கட்டிக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்தான். நான் கிழிஞ்ச துண்டோட உக்காந்திருந்தேன். எம் புள்ளையும் ஒரு ஆளுன்னு காட்டணும்னு தோணிப்போச்சு. வெத்தலை போட்டுக்கிட்டே, 'திங்கக்கிழமை பாருங்க சம்பந்தி, எம் புள்ள ஒரு வார்த்தை சொன்னா ஒருத்தனும் குழியில இறங்கமாட்டான்'னு சொல்லிட்டேன். வாய் தவறிப் போச்சு. அப்புறம் எல்லாரும் அந்தப் பொண்ணைச் சொன்னாங்களா, நானும் பேசாம இருந்துட்டேன்."

கல்லெறிகிற மாதிரிப் பார்க்காதீர்கள் ஐயா! அறுபதைத் தாண்டிய மனிதர், ஆயிரம் பேர் நடுவிலே நின்று அழுகிறார். அருணகிரி, தம்பி, உங்கள் வயிறு எரிகிறது, தெரிகிறது. எரியட்டும், உரிமை இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். மருமகள் வாய் திறந்தாள் என்று நினைத்தபோது அவளை வீட்டை விட்டு அனுப்பத் தீர்மானம் எழுதினீர்கள். வாய் திறந்தவர் மாமனார் என்று தெரிந்துபோயிற்று. இப்போது என்ன எழுதப் போகிறீர்கள்? வேலு தன் தகப்பனை எங்கே அனுப்ப வேண்டும்? எந்த ஊருக்கு? எந்த ஆற்றுக்கு அக்கரைக்கு?

கையிலிருக்கும் தாளைப் பார்க்கிறீர்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்று சும்மாவா சொன்னார்கள்? ரத்த உறவு தவறினால் அது வாய் தவறு. வந்த உறவு தவறினால் அது துரோகம். பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறோம், சம்பந்தம் பேசுகிறோம், சாதி சனம் கூட்டுகிறோம். அதற்குப் பிறகு அவள் எந்தப் பக்கம் என்று ஆயுசுக்கும் காவல் இருக்கிறோம். அவளை நம் பக்கம் சேர்த்துக்கொண்டோமா என்று ஒருவராவது கேட்டோமா?

ராஜம்மா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கே கிளம்புகிறீர்கள்? மருமகளை அழைத்து வரவா? உங்கள் மனசு பெரிது தாயே, ஆனால் உட்காருங்கள். நீங்கள் போனால் அவள் வரமாட்டாள்.

அன்றைக்கு அக்கரையிலிருந்து கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "இத்தனையும் உம் புருஷன்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவரு ஒரு தரம் வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அண்ணே. நீ சொன்னியான்னு திட்டிக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன். அவரு வரவே இல்ல" என்றாள்.

தோழர் வேலு! மேடைக்குப் பக்கத்திலேதான் உட்கார்ந்திருக்கிறாய். குனிந்த தலை நிமிரவில்லை. அவள் உன் தகப்பன் மானத்தைக் காத்தாள். உன் தகப்பன் இவ்வளவு நாள் தன் மானத்தைக் காத்துக்கொண்டார். நீ எதைக் காத்தாய் அப்பா? ஊரெல்லாம் உன் மனைவியைச் சந்தேகப்பட்டது, ஊருக்கென்ன, சந்தேகப்படும். நீ சந்தேகப்பட்டாயா, நம்பினாயா? அவளுக்கே தெரியவில்லை. கொல்லையிலே குரல் தாழ்த்திப் பேசியவர்களில் நீயும் ஒருவன்தானே?

கமிட்டி எங்கேயும் போகாது. தலைவர் அவர்களே, தம்பி அருணகிரி தீர்மானத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், பார்த்தீர்களா? அதுவே போதும்.

இதோ, வேலு எழுந்துவிட்டான். வழி விடுங்கள். தாய்மார்களே, குழந்தைகளைக் கொஞ்சம் ஒதுக்குங்கள். இன்னும் வெளிச்சம் இருக்கிறது, ஆற்று மணலில் நடந்துவிடலாம். கைதட்டாதீர்கள் ஐயா, தட்ட இதிலே ஒன்றும் இல்லை. வேலு, அவள் உடனே வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு போகாதே. வாசலிலேயே நிற்க வைப்பாள். நில். எவ்வளவு நேரம் ஆனாலும் நில். அவள் என்ன சொன்னாலும், உரக்கப் பதில் சொல்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கும் தாய்மார்களுக்கும், எழுந்து நின்ற வேதாசலம் அண்ணனுக்கும், மணியை அடிக்காமல் விட்ட தலைவருக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போனதும் உங்கள் மருமகள்களைக் கூடத்தில் உட்கார வைத்து, இன்றைக்கு இங்கே நடந்ததை அவர்களுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். வணக்கம்.