நாலாவது நிரல்

எனக்குப் பொடி எழுத்தைக் கண்டாலே தலையிடிக்கும், சேர். அதாலதான் இந்தத் தொழிலுக்கே வந்தனான். அச்சுக்குச் செய்த பிடிஎஃப் கோப்பைப் போனில வாசிச்சுப் பாத்திருக்கிறியளோ? விரலால அங்கயும் இஞ்சயும் இழுத்தே சீவன் போயிடும். கிளிநொச்சியில என்ர கடையில அதுகளை மின்புத்தகமாக்கிக் குடுக்கிறனான். எழுத்து திரைக்கு ஏத்தமாதிரித் தானே மடிஞ்சு இறங்கும். பாக்க வடிவாயிருக்கும்.

ஸ்கந்தபுரப் பக்கத்துக் கமக்காரர் சங்கம் ஒண்டு பயிருக்கு மருந்தடிக்கிற கையேட்டைக் கொண்டுவந்து தந்தது. எல்லாம் சுகமா வந்தது, ஒரு அட்டவணையைத் தவிர. பயிர், பூச்சி, மருந்து, கலக்கிற தண்ணி எண்டு நாலு நிரல். நாலாவது திரைக்கு வெளியில போய் நிண்டது. ஒரு முழுநாள் மல்லுக்கட்டினன். சனியன், அடங்கேல்லை. அந்த நிரலையே வெட்டிவிட்டன். தண்ணி கலக்கோணும் எண்டு கமக்காரருக்குத் தெரியாதோ, சேர்?

வெளியீட்டு விழா நல்ல எடுப்பா நடந்தது. காலமையே சங்கம் புத்தகத்தை எல்லாரின்ர போனுக்கும் அனுப்பியிருந்தது. எனக்கு மாலையும் போட்டவை. தலைவர் மைக்கில என்னைப் புகழ்ந்துகொண்டிருக்கேக்க போன் அடிச்சது. மிளகாய்த் தோட்டம் செய்யிற இளையதம்பியண்ணையின்ர மனுசி, விமலேஸ்வரியக்கா.

"தம்பி, இது புது மருந்து. எவ்வளவு தண்ணி விடுறதெண்டு புத்தகத்தில காணேல்லை. இந்த மனுசன், போனில இல்லையெண்டால் விடத் தேவையில்லை எண்டு ஒற்றைக்காலில நிக்கிறார். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

கழுத்தில மாலையோட இருந்துகொண்டு, புத்தகத்தில பிழையெண்டு எப்பிடிச் சொல்லுறது? "புத்தகத்தில உள்ளபடியே செய்யுங்கோ அக்கா" எண்டன். மரியாதையாத்தான் சொன்னனான்.

அண்ணை தண்ணி விடாமலே அடிச்சிருக்கிறார். எதிர்க்காத்து. மிளகாய் முழுக்கக் கருகிப்போச்சு. அவருக்கு ரெண்டு கண் பார்வையும் போயிட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தனான், மனம் கேக்கேல்லை. அக்கா என்ர சேட்டுக் கொலரைப் பிடிச்சு, "தெரிஞ்சுதானேடா சொன்னனீ" எண்டு குழறினா. ஓம், தெரிஞ்சுதான் சொன்னனான். அதை நான் ஒளிக்கேல்லை, நீங்கள் வாக்குமூலத்தில அப்பிடியே எழுதுங்கோ.

ஆனா நான் கைவிடுற ஆளில்லை, சேர். அண்ணைக்கு இனி வாசிக்கேலாது எண்டபடியால் அந்தக் கையேட்டை ஒலிப்புத்தகமாக்கிக்கொண்டிருக்கிறன். ஒரு சதமும் வாங்கேல்லை, என்ர குரலிலயே வாசிக்கிறன். தண்ணிக் கணக்கை மட்டும் அதிலயும் சேர்க்கேல்லை. நடுவில இலக்கங்கள் வந்தால் கேக்கிறவைக்கு அலுப்பா இருக்கும்.